அனாதைகளுக்கு வீடா, இல்லமா?

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் மலாவி நாட்டின் தலைநகரான லிலாங்வேயின் விமான நிலையத்தில் ஒரு காட்சியைக் காணலாம். அடிஸ் அபாபா வழியாகவோ, நைரோபி வழியாகவோ, ஜோகன்னஸ்பர்க் வழியாகவோ வந்திறங்கும் விமானத்திலிருந்து ஒரே நிறத்தில் சட்டை அணிந்த பதினைந்து இருபது பேர் கொண்ட குழு ஒன்று வெளியே வரும். பெரும்பாலோர் கோடை விடுமுறையில் இருக்கும் அமெரிக்க மாணவர்கள். உடன் சில பெற்றோர், ஒரு போதகர், பணி ஓய்வுபெற்ற தச்சரோ பொறியாளரோ ஒருவர். பத்து நாள்களுக்குள் பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கு வீடு கட்டித் தந்துவிட்டு ஊர் திரும்புவது அவர்களின் திட்டம். மழை நவம்பரில்தான் தொடங்கும் என்பதால் கட்டட வேலைக்கு உகந்த பருவமும் இதுவே.

இத்தகைய குறுகிய காலத் திருப்பணிப் பயணங்கள் இன்று மிகப் பெரிய இயக்கமாக வளர்ந்துவிட்டன. அமெரிக்கத் திருச்சபைகளைச் சேர்ந்தவர்களில் ஆண்டுக்குச் சுமார் 16 லட்சம் பேர் இவ்வாறு வெளிநாடு செல்வதாகச் சமூகவியல் அறிஞர் ராபர்ட் வுத்னவ் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மதிப்பிட்டார். அவர்களில் ஒரு பகுதியினர்தான் ஆப்பிரிக்கா செல்கிறார்கள். அவர்களிலும் ஒரு பகுதியினர்தான் செங்கல்லையும் சாந்தையும் கையில் எடுக்கிறார்கள். ஆனாலும், அந்தச் சிறு பகுதியின் செயல் ஒரு நாட்டின் குழந்தை நலக் கொள்கையையே வளைக்கக்கூடிய அளவுக்குப் பணத்தைத் தன்னுடன் கொண்டு வருகிறது.

அவர்களின் நோக்கத்தைக் குறை சொல்வதற்கில்லை. இரவு உணவகத்தில் பரிமாறிச் சேர்த்த பணத்தையும், தெருவில் கார் கழுவிச் சேர்த்த பணத்தையும் கொண்டு ஒரு பதினேழு வயதுப் பெண் கண்டம் கடந்து வந்து செங்கல் சுமக்கிறாள் என்றால், அதில் கேலிக்கு இடமில்லை. கேள்வி வேறு. அவள் சுமக்கும் செங்கல் எந்தச் சுவருக்குப் போகிறது?

தமிழில் இந்தக் கேள்வியை எளிதாகக் கேட்கலாம். 'வீடு' என்றால் நமக்கு ஒரு பொருள். 'அனாதை இல்லம்' என்றால் முற்றிலும் வேறொரு பொருள். ஆங்கிலத்தில் இரண்டையும் ஒரே சொல்லால் குறிக்க முடிவதால், 'அனாதைகளுக்கு இல்லம் கட்டுகிறோம்' என்னும் அறிவிப்பைக் கேட்டுப் பணம் கொடுப்பவருக்கு, தாம் கட்டித் தருவது ஒரு பாட்டியும் மூன்று பேரக் குழந்தைகளும் வாழப்போகும் இரண்டு அறை வீடா, அல்லது நாற்பது கட்டில்கள் வரிசையாகக் கிடக்கும் கூடமா என்பது தெரிவதில்லை. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் மிக அதிகம்.

முதலில் 'அனாதை' என்ற சொல்லையே பார்க்க வேண்டும். தாய், தந்தை இருவரில் ஒருவரையோ இருவரையுமோ இழந்த, பதினெட்டு வயதுக்குட்பட்ட எவரையும் யுனிசெஃப் அனாதை என்று கணக்கிடுகிறது. இந்தக் கணக்கின்படி 2015-ஆம் ஆண்டில் உலகில் சுமார் 14 கோடி அனாதைகள் இருந்தனர், அவர்களில் 5.2 கோடிப் பேர் ஆப்பிரிக்கக் குழந்தைகள். ஆனால், உலகம் முழுவதிலும் தாய், தந்தை இருவரையும் இழந்தவர்கள் 1.51 கோடிப் பேர் மட்டுமே. அதாவது, அனாதை என்று எண்ணப்படும் பத்துக் குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்பது குழந்தைகளுக்குத் தாயோ தந்தையோ இருக்கிறார். தந்தையை இழந்து தாயுடன் வளரும் பிள்ளையை நம் ஊரில் யாரும் அனாதை என்று அழைப்பதில்லை. எய்ட்ஸ் காலத்தில் பாதிப்பின் அளவைக் கணக்கிடுவதற்காக வகுக்கப்பட்ட இந்த வரையறை, நன்கொடை கேட்கும் துண்டறிக்கைகளில் ஏறியபோது 'யாருமற்ற ஐந்து கோடிக் குழந்தைகள்' என்று உருமாறிவிட்டது.

மலாவியின் பெருவாரி மக்கள் பேசும் சிச்சேவா மொழியில் இத்தகைய குழந்தையை 'ம்வானா வாமசியே' என்பார்கள். விதவையைக் குறிக்கும் சொல்லிலும் அதே 'வாமசியே' உண்டு. இறந்தவரால் விட்டுச் செல்லப்பட்டவர் என்பதே இரண்டுக்கும் அடிப்படை. கணவனை இழந்தவளும் தந்தையை இழந்த பிள்ளையும் ஒரே துயரத்தின் இரு முகங்கள் என்பதை அந்த மொழி அறிந்திருக்கிறது. இந்தப் பயணங்களுக்கு ஆதாரமாகப் பெரிதும் எடுத்துக்காட்டப்படும் விவிலியத்தின் யாக்கோபு நிருபமும் திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் சேர்த்தேதான் சொல்கிறது. நடைமுறையில் பிள்ளைக்குக் கட்டடம் எழும்புகிறது. விதவை கட்டடத்துக்கு வெளியே நிற்கிறாள்.

அப்படியானால் அனாதை இல்லங்களில் இருப்பவர்கள் யார்? உலகெங்கும் இத்தகைய நிறுவனங்களில் வளரும் குழந்தைகளில் ஐவரில் நால்வருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் உயிருடன் இருப்பதாக 'சேவ் தி சில்ட்ரன்' அமைப்பு 2009-இல் வெளியிட்ட அறிக்கை கூறியது. அதே ஆண்டில் கானா நாட்டின் சமூக நலத் துறை, அங்குள்ள இல்லங்களில் இருந்த சுமார் 4,500 குழந்தைகளில் 90 சதவீதம் வரையிலானோர் அனாதைகளே அல்லர் என்று கண்டறிந்தது. 148 இல்லங்களில் 140 இல்லங்கள் உரிமம் பெறாதவை. பெற்றோர் கல்நெஞ்சர்களாக இருந்ததால் பிள்ளைகள் அங்கே சேர்ந்துவிடவில்லை. இல்லத்தில் மூன்று வேளை சோறு உண்டு, சீருடை உண்டு, பள்ளி உண்டு. பத்துப் பேரில் ஏழு பேர் கடும் வறுமையில் வாழும் மலாவி போன்ற நாட்டில், பிள்ளையை அங்கே விட்டுவருவது ஒரு தாய் செய்யும் தியாகமாகவே அவளுக்குத் தோன்றும். வறுமைக்கு மருந்தாகக் குடும்பத்தைப் பிரிப்பது என்ற இந்த ஏற்பாட்டில் கட்டடம்தான் காந்தம். கட்டில் போடப்பட்டால் அதில் படுக்க ஒரு குழந்தை வந்து சேரும்.

2006-ஆம் ஆண்டை நினைவுகூரலாம். பாடகி மடோனா மலாவியிலிருந்து ஓர் ஆண் குழந்தையைத் தத்தெடுக்க முன்வந்தபோது உலகப் பத்திரிகைகள் அனைத்தும் சாம்பியா எல்லையை ஒட்டிய ம்சிஞ்சி மாவட்டத்தைத் தேடி ஓடின. அங்கிருந்த ஓர் அனாதை இல்லத்தில்தான் அந்தக் குழந்தை இருந்தது. பிறந்த சிறிது காலத்தில் தாய் இறந்துபோனாள். தந்தை உயிருடன் இருந்தார். வளர்க்க வழியின்றி அவரே குழந்தையை அங்கே சேர்த்திருந்தார். தத்தெடுப்பு சரியா, தவறா என்று மாதக்கணக்கில் விவாதம் நடந்தது.

அதே 2006-இல், அதே ம்சிஞ்சி மாவட்டத்தில், ஒரு பத்திரிகையும் பெரிதாகக் கண்டுகொள்ளாத வேறொன்றும் தொடங்கியது. மலாவி அரசு யுனிசெஃப் உதவியுடன் சோதனை முயற்சியாக, மிக ஏழையாகவும் உழைக்கும் வலுவுள்ளவர் இல்லாமலும் இருந்த குடும்பங்களுக்கு மாதந்தோறும் ரொக்கம் வழங்கத் தொடங்கியது. தொகை பத்துப் பதினைந்து டாலரைத் தாண்டாது. குடும்பத்தின் அளவுக்கேற்ப அது மாறும்; பிள்ளை பள்ளிக்குப் போனால் கூடுதலாகச் சிறு தொகை. பேரக் குழந்தைகளை வளர்க்கும் முதியவர்களின் வீடுகள் இதில் இயல்பாகவே பெருமளவில் இடம்பெற்றன. உணவு மேம்பட்டதையும், பிள்ளைகள் பள்ளிக்குச் செல்வது கூடியதையும் ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். 2018-க்குள் நாட்டின் 28 மாவட்டங்களுக்கும் திட்டம் விரிந்தது. பிள்ளையைச் சோற்றுக்காக இல்லத்தில் விடும் நிலையில் இருந்த ஒரு குடும்பத்துக்கு, விடாமல் இருக்க எவ்வளவு தேவைப்படும் என்ற கேள்விக்கு அந்த மாவட்டமே விடை வைத்திருந்தது.

செலவுக் கணக்கைப் பார்ப்பதில் சிலருக்குத் தயக்கம் உண்டு. தொண்டைத் தராசில் வைக்கலாமா என்பார்கள். பிறர் கொடுத்த பணத்தைச் செலவிடும்போது தராசு கட்டாயம் வேண்டும். தான்சானியாவின் ககேரா பகுதியில் நிறுவனத்தில் ஒரு குழந்தையைப் பராமரிக்க ஆண்டுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் ஆனதையும், வளர்ப்புக் குடும்பத்தில் அதே குழந்தையை வளர்க்க ஆகும் செலவைப்போல அது ஏறத்தாழ ஆறு மடங்கு என்பதையும் உலக வங்கி 1990-களிலேயே சுட்டிக்காட்டியது. பயணச் செலவு தனி. ஆளுக்கு மூவாயிரம் டாலர் என்று வைத்துக்கொண்டால் பதினைந்து பேர் கொண்ட குழுவுக்கு 45,000 டாலர். இதில் பெரும்பங்கு விமான நிறுவனங்களுக்குப் போகும். செங்கல்லுக்குப் போவது சொற்பம்.

வீடு கட்டும் பயணங்கள் குறித்து நேரடியாக நடந்த ஆய்வுகளில் குறிப்பிடத்தக்கது ஆப்பிரிக்காவில் நடந்ததன்று, மத்திய அமெரிக்காவில் நடந்தது. 1998-இல் மிட்ச் சூறாவளி ஹோண்டுராஸை அழித்தபின் வட அமெரிக்கத் திருச்சபைக் குழுக்கள் அங்கே சென்று வீடு கட்டின. அமெரிக்காவின் கால்வின் கல்லூரியைச் சேர்ந்த சமூகவியலாளர் கர்ட் வெர் பீக், தாமும் கிறிஸ்தவத் தொண்டுப் பணியில் ஈடுபட்டவர், அதனை ஆராய்ந்து 2006-இல் வெளியிட்டார். குழுவினர் கட்டிய ஒரு வீட்டுக்குப் பயணம் உள்பட ஆன செலவு சுமார் 30,000 டாலர். உள்ளூர்க் கிறிஸ்தவ அமைப்புகள் அத்தகைய வீட்டை 2,000 டாலரில் கட்டின. ஒரு வீட்டின் செலவில் பதினைந்து வீடுகள்! வீடு பெற்ற குடும்பங்களின் வாழ்வில் அதனால் ஏதேனும் கூடுதல் பயன் உண்டா என்று பார்த்தால், அதுவும் இல்லை. வெளிநாட்டார் கட்டிய வீட்டில் இருந்தவர்களுக்கும் உள்ளூரார் கட்டிய வீட்டில் இருந்தவர்களுக்கும் வேறுபாடு காணப்படவில்லை. 'போய் வந்தவர்கள் வாழ்நாள் முழுவதும் வாரி வழங்குவார்கள்' என்பது இந்தப் பயணங்களுக்கு ஆதரவாக வழக்கமாகச் சொல்லப்படும் வாதம். ஊர் திரும்பியபின் அவர்களின் கொடை, அவர்களே சொன்ன அளவுக்கு உயரவில்லை என்பதையும் அவர் கண்டார்.

கட்டுமானத் திறன் பற்றிய கதை இன்னும் சங்கடமானது. பிப்பா பிடில் என்ற அமெரிக்க எழுத்தாளர், பள்ளிப் பருவத்தில் தான்சானியாவின் ஓர் அனாதை இல்லத்தில் நூலகம் கட்டச் சென்ற அனுபவத்தை 2014-இல் எழுதினார். பகல் முழுவதும் மாணவிகள் அடுக்கிய செங்கற்களை உள்ளூர்க் கொத்தனார்கள் இரவில் பிரித்துவிட்டு, நூல் பிடித்து மறுபடி கட்டினார்களாம். காலையில் வந்த மாணவிகளுக்கு ஒன்றும் தெரியக்கூடாது என்பதற்காக இரவு வேலை. அந்தக் கொத்தனார்களின் நாகரிகத்தை என்னவென்று சொல்வது!

மலாவியில் செங்கல் என்பது யாரோ கொண்டுவந்து தர வேண்டிய பொருளன்று. அறுவடை முடிந்த வறண்ட மாதங்களில் ஊர் ஊராகச் செங்கல் அறுத்து, வெயிலில் காயவைத்து, சூளை வைத்துச் சுடுகிறார்கள். பள்ளிக்கூடம் எழ வேண்டுமென்றால் செங்கல்லும் மணலும் ஊரார் பங்கு என்பது அங்கே பழைய வழக்கம். (சூளைக்கு விறகு வெட்டியே காடுகள் குறைந்தன என்பது தனிக்கதை.) ஊராரிடம் இல்லாதவை சிமென்ட்டும் தகரமும்தான், இரண்டும் காசு கொடுத்து வாங்க வேண்டியவை. கையில் காசு வந்தால் ஏழைகள் எதை முதலில் வாங்குகிறார்கள் என்பதற்கும் சான்று உண்டு. கென்யாவின் மேற்குப் பகுதியில் ராரியேடாவில் 2011 முதல் 'கிவ் டைரக்ட்லி' என்ற அமைப்பு கூரை வேய்ந்த வீடுகளைத் தேடிச் சென்று, எந்த நிபந்தனையுமின்றிப் பணம் கொடுத்தது. ஹாஸ்ஹோபர், ஷாபிரோ என்னும் இரு பொருளியலாளர்கள் அதன் விளைவை ஆராய்ந்தபோது, தகரக் கூரை போட்டுக்கொண்ட வீடுகள் குறிப்பிடத்தக்க அளவில் பெருகியிருந்தன. புல்கூரையை அடிக்கடி மாற்ற வேண்டும். தகரம் பல ஆண்டு தாங்கும். எந்தப் பொறியாளரும் அவர்களுக்கு இதைச் சொல்லித் தரவில்லை.

சுவரைவிடச் சிக்கலானது மனையின் உரிமை. மலாவியின் மத்தியப் பகுதியில் வாழும் சேவா மக்கள் தாய்வழிச் சமூகத்தினர். நிலம் பெண்கள் வழியாக இறங்கும். சகோதரியின் பிள்ளைகளுக்குப் பொறுப்பாளர் தாய்மாமன். நம் சீர்வரிசைத் தாய்மாமனைவிட அதிகாரம் மிக்கவர் அவர். இங்கே தாயை இழந்த குழந்தைக்கு, தாயின் ஊரில் இடமும் உண்டு, கேட்பாரும் உண்டு. நாட்டின் வடக்கில் தந்தைவழி மரபு. அங்கே கணவன் இறந்ததும் அவன் உறவினர்கள் வந்து பானை சட்டி முதல் வீடு வரை எடுத்துக்கொள்ளும் கொடுமை நெடுங்காலம் நிலவியது. 2011-இல் இயற்றப்பட்ட வாரிசுரிமைச் சட்டம் இந்தச் சொத்துப் பறிப்பைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. ஆகவே, ஒரு விதவைக்கு வீடு கட்டித் தரும் திருச்சபை, அந்த மனை யாருடையது, அவள் இறந்தால் பிள்ளைகளுக்கு அது நிற்குமா என்பதை ஊர்த் தலைவரிடமும் உறவினரிடமும் பேசி உறுதிசெய்யாமல் சுவர் எழுப்பினால், அந்த வீடு யாருக்குப் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. பத்து நாள் விருந்தினரால் செய்யக்கூடிய வேலை இதுவன்று.

குழந்தைகளின் மனம் பற்றிய செய்தியையும் தவிர்க்க முடியாது. ருமேனியாவின் புகாரெஸ்ட் நகரில் 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய ஆய்வு, நிறுவனங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பி, ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தது. குடும்பத்துக்குச் சென்றவர்கள், அதிலும் இரண்டு வயதை எட்டுமுன் சென்றவர்கள், அறிவு வளர்ச்சியிலும் பாசப் பிணைப்பிலும் மேம்பட்டார்கள். நிறுவனத்தில் வளரும் குழந்தையிடம் வாரத்துக்கு ஒரு குழு வந்து கொஞ்சிவிட்டுப் போனால் என்ன ஆகும் என்பதைத் தென்னாப்பிரிக்காவின் லிண்டா ரிக்டர், ஏமி நார்மன் இருவரும் 2010-இல் எழுதினார்கள். வந்தவுடன் அறிமுகமில்லாதவரின் மடியில் ஏறும் குழந்தையைக் கண்டு விருந்தினர் நெகிழ்கிறார். அது பாசத்தின் அறிகுறியன்று, பிணைப்பு அறுந்து அறுந்து உண்டான பசியின் அறிகுறி. ஒட்டிக்கொள்வதும் பிரிவதுமாக அந்தக் குழந்தைக்கு ஆண்டு முழுவதும் கழிகிறது.

இந்த உண்மைகள் அரசுகளின் கதவையும் தட்டிவிட்டன. ருவாண்டா 2012-இல் அனாதை இல்லங்களைப் படிப்படியாக மூடித் குழந்தைகளைக் குடும்பங்களுக்கு அனுப்பும் கொள்கையை வகுத்தது. அப்போது 33 இல்லங்களில் 3,323 குழந்தைகள் இருந்தனர். 1994-இன் இனப்படுகொலையில் குடும்பங்கள் வேரோடு அழிந்த நாடு அது. அனாதை இல்லம் தவிர்க்க முடியாதது என்று சொல்ல எந்த நாட்டுக்கேனும் உரிமை உண்டென்றால் ருவாண்டாவுக்குத்தான் உண்டு. அந்த நாடே உறவினரைத் தேடிப் பிடித்தும், 'மலாயிக்கா முரின்சி' (காவல் தேவதை) என்றழைக்கப்படும் வளர்ப்புப் பெற்றோரைப் பயிற்றுவித்தும் மாற்று வழி கண்டது. ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு 2017-இல், இல்லங்களை நிரப்புவதற்காகக் குழந்தைகளைத் திரட்டுவதை ஆள்கடத்தலாகவே கருத வேண்டும் என்றது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச் சபை, அனாதை இல்லங்களை மையமிட்ட தன்னார்வப் பயணங்களால் விளையும் தீங்குகளைத் தடுக்குமாறு நாடுகளைக் கேட்டுக்கொண்டது.

குடும்பம் என்றாலே பாதுகாப்பு என்று சொல்லிவிட முடியாது. உறவினர் வீட்டில் ஊதியமில்லா வேலைக்காரியாக வளர்ந்த பெண் குழந்தைகள் ஆப்பிரிக்காவிலும் உண்டு, ஆசியாவிலும் உண்டு. போர், வன்முறை, கைவிடப்படுதல் போன்ற நேர்வுகளில் தற்காலிகப் புகலிடம் தேவைப்படும். மாற்றுத்திறன் குழந்தைகளை ஏற்கும் குடும்பங்களைக் கண்டுபிடிப்பது எங்கும் கடினம். இல்லத்தை அவசரமாக மூடிவிட்டுப் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி அனுப்புவதும் ஒரு கொடுமையே. ஆனால், இவை விதிவிலக்குகள். விதிவிலக்குக்காகக் கட்டப்பட்டவை விதியாகிவிட்டதுதான் சிக்கல்.

திருச்சபையின் வீடு கட்டும் தொண்டே பிழை என்பதும் சரியன்று. உலகப் புகழ்பெற்ற 'ஹேபிடட் பார் ஹியுமானிட்டி' அமைப்பின் வேர் ஆப்பிரிக்காவில்தான் இருக்கிறது. மில்லர்ட் புல்லரும் அவர் மனைவி லிண்டாவும் 1973-இல் அன்றைய ஜைர் நாட்டின் ம்பண்டாக்கா நகரில் திருச்சபைப் பணியாகச் சென்று, வட்டியில்லாக் கடனில் வீடுகள் கட்டும் திட்டத்தை நடத்தினார்கள். நாடு திரும்பி 1976-இல் அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்கள் அங்கே தங்கியது மூன்று ஆண்டுகள், பத்து நாள்கள் அல்ல. வீடு பெறுபவர் தம் உழைப்பையும் சேர்த்துத் தந்து, கடனை மெல்ல அடைப்பார். அந்தப் பணம் அடுத்த வீட்டுக்குப் போகும். குடும்பத்துக்கு வீடு என்பதே அதன் அடிப்படை.

எனவே, இந்த ஆண்டும் பயணத்துக்குச் சீட்டு பதிவு செய்யும் திருச்சபைகள், புறப்படுமுன் தங்களை அழைத்தவரிடம் சிலவற்றைக் கேட்கலாம். கட்டப்படும் கட்டடத்தில் உறங்கப்போகும் குழந்தைகளின் பெயர்கள் என்ன, அவர்களின் தாயோ பாட்டியோ மாமனோ எங்கே இருக்கிறார்கள்? நாங்கள் வராமல் விமானக் கட்டணத்தை மட்டும் அனுப்பினால் எத்தனை வீடுகள் எழும்? உள்ளூர்க் கொத்தனாருக்கு எத்தனை நாள் கூலி கிடைக்கும்? விடை சொல்ல அழைத்தவர் தடுமாறினால், அதுவும் ஒரு விடையே.

ஜிம்பாப்வேயின் முத்தாரே நகரில் 1993-இல் தொடங்கப்பட்ட ஒரு திட்டத்தை இங்கே குறிப்பிட வேண்டும். எய்ட்ஸ் நோய் ஊரைச் சூறையாடிக்கொண்டிருந்த காலம் அது. குழந்தை மருத்துவர் ஜெஃப் ஃபாஸ்டர் நிறுவிய அறக்கட்டளை, உள்ளூர்த் திருச்சபைகளின் பெண்களைத் திரட்டியது. தத்தம் ஊரில் பெற்றோரை இழந்த குழந்தைகள் உள்ள வீடுகளைப் பட்டியலிடுவதும், மாதத்தில் இரண்டு முறையேனும் அந்த வீடுகளுக்கு நடந்துசென்று பார்ப்பதும் அவர்களின் பணி. தேவைப்பட்ட வீட்டுக்கு மக்காச்சோள விதை, உரம், போர்வை, பள்ளிக் கட்டணம் என்று சிறுசிறு உதவிகள் போயின. அந்தப் பெண்களில் சிலர் தங்கள் வீட்டிலேயே பெற்றோரை இழந்த பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். அதுவும் திருச்சபைத் தன்னார்வலர்களின் பயணம்தான். போகவரச் சில மைல்கள், கால்நடையாக.